பொறிப்பு ஓரிடம், வெட்டு வேறிடம்: லேசர் வேலையில் விலகலைத் திருத்துதல்

பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பொறித்து, சாவிக்கொத்தில் கோக்கும் ஒரு சிறு துண்டு. 3 மி.மீ. பிளைவூட். நீளம் 60 மி.மீ., அகலம் 30. நடுவில் 1916இல் கட்டப்பட்ட அந்த வெள்ளைக் கோபுரம், அதன் கீழே ஊரின் பெயர். படத்தில் இடமும் வலமும் 4 மி.மீ. கரை, மேலும் கீழும் 3 மி.மீ. பொறிப்பு அழகாக விழுகிறது. வெட்டும் முடிந்து துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் ‘ப’வின் இடது கால் வெட்டுக்கோட்டோடு போயிருக்கிறது. வலப்பக்கத்தில் 8 மி.மீ. வெறுமையாகக் கிடக்கிறது.

ஒரு துண்டு என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். ஆண்டின் தொடக்கத்தில் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு நூறு கேடயம் ஓடர் எடுத்தவருக்கு இது பலகையும் போய், நாளும் போய், பெயரும் போகிற விடயம்.

விலகலைக் கண்டதும் பலர் முதலில் கண்ணாடிகளின் திருகாணிகளில் கை வைக்கிறார்கள். அதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய தவறு. பொறிப்பதும் வெட்டுவதும் ஒரே கதிர். அது அதே கண்ணாடிகளில் பட்டு, அதே வில்லை வழியாகத்தான் இறங்குகிறது. கண்ணாடி கோணினால் இரண்டும் ஒன்றாகவே கோணும். தட்டின் உயரத்தை மாற்றாதவரை ஒன்றை விட்டு ஒன்று விலகாது. நன்றாக இருந்த கண்ணாடியையும் குழப்பிவிட்டால், ஒரு பிழையோடு தொடங்கிய வேலை இரண்டு பிழைகளோடு நிற்கும். கோப்பு, பலகை, பெல்ட், வேகம், ஹோம் சுவிட்ச் ஆகிய ஐந்தையும் இந்த வரிசையிலேயே பார்த்து முடித்த பிறகுதான் கண்ணாடிப் பக்கம் போகவேண்டும்.

இயந்திரத்தைத் திறக்கும் முன்

கார்பனீரொட்சைட்டு லேசரின் கதிர் 10.6 மைக்ரோமீற்றர் அலைநீளம் கொண்டது. கண்ணுக்குத் தெரியாது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய அதே வகைக் கதிர்தான் இன்று சிறு பட்டறைகளின் 40 வாற்றுப் பெட்டிகளுக்குள்ளும் ஓடுகிறது. தெரியாத கதிர் என்பதால் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சோதிக்கும் பழக்கம் வரவே கூடாது.

- பெல்ட், கப்பி, கண்ணாடி எதைத் தொடுவதானாலும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றவும். லேசர்க் குழாய்க்குப் போகும் வயரில் பல ஆயிரம் வோல்ற் ஓடுகிறது. கழற்றிய பிறகும் சில நிமிடம் பொறுக்கவும். எர்த் இணைப்பு இல்லாத இயந்திரத்தை ஓட்டவே வேண்டாம்.
- மூடி திறந்தால் லேசரை நிறுத்தும் சுவிட்சைக் கட்டிவைத்து ஏமாற்ற வேண்டாம்.
- நீலக் கதிர் வீசும் டயோட் இயந்திரம் என்றால் அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடியை அணியவும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி உதவாது.
- பி.வி.சி.யையும் பி.வி.சி. பூசிய ரெக்சினையும் சோதனைத் துண்டாகக்கூட வைக்க வேண்டாம். எழும் புகையில் ஐதரோகுளோரிக் அமிலம் உண்டு. நெஞ்சையும் கெடுக்கும், இயந்திரத்தின் இரும்பையும் தின்னும்.
- லேசர் ஓடும்போது அறையை விட்டுப் போக வேண்டாம். அக்ரிலிக் பற்றினால் சில நிமிடங்களிலேயே பெட்டியே எரிந்துவிடும். தீயணைப்புக் குடுவை கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

முதலில் அளவு எடுக்கவும்

கெட்டுப்போன துண்டை எறிய வேண்டாம். எங்கே பிழை என்று சொல்லப்போவது அதுதான்.

1. வேர்ணியர் இடுக்கியால் நான்கு கரைகளையும் அளந்து, படத்தில் இருக்கவேண்டிய அளவுக்குப் பக்கத்தில் எழுதவும்.
2. பொறிப்பின் மொத்த நீளத்தையும் வெட்டின் மொத்த நீளத்தையும் தனித்தனியே அளக்கவும். இரண்டும் சரியாக இருந்து இடம் மட்டும் மாறியிருக்கிறதா, அளவே சிறுத்திருக்கிறதா என்பது இதில் தெரியும்.
3. அதே கோப்பைப் பழைய மட்டைப் பெட்டித் துண்டுகளில் மூன்று தடவை ஓட்டவும். எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம்.
4. மூன்றிலும் விலகல் ஒரே அளவா, ஒவ்வொன்றிலும் வெவ்வேறா என்று பார்க்கவும்.

நான்காவது படிதான் முக்கியம். மூன்று தடவையும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் இயந்திரம் சொன்னதைத்தான் செய்கிறது; சொன்னதில் பிழை. கோப்பையும் மென்பொருள் அமைப்பையும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு அளவு என்றால் ஏதோ ஒன்று நகர்கிறது: பலகை, பெல்ட், கப்பி அல்லது ஹோம் சுவிட்ச். பாதிவரை சரியாக வந்து, ஒரு கோட்டிலிருந்து கீழே எல்லாம் ஒருபக்கம் தள்ளிப்போயிருந்தால் அந்த இடத்தில் மோட்டர் படி தவறியிருக்கிறது.

கோப்பில் ஒளிந்திருக்கும் பிழைகள்

தொடக்கத்தில் பார்த்த துண்டுக்குத் திரும்புவோம். இடக்கரையில் 4 மி.மீ. காணாமற் போய், வலக்கரை 4 கூடி 8 ஆகியிருக்கிறது. மேற்கரையிலும் 3 மி.மீ. காணவில்லை. விலகிய அளவும் படத்தில் விட்ட கரையின் அளவும் ஒன்றே. இப்படி அமைந்தால் காரணத்தைத் தேடி அலையவே வேண்டாம். பொறிப்பும் வெட்டும் இரண்டு கோப்புகளாகத் தனித்தனியே போயிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் படத்தின் இடது மேல் மூலையையே தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

திருத்தம் இலகு.

1. பொறிப்பும் வெட்டும் ஒரே கோப்பில், வெவ்வேறு நிறத்தில் அல்லது லேயரில் இருக்கட்டும்.
2. பழைய கட்டுப்பாட்டுப் பலகை கொண்ட இயந்திரம் இரண்டாகத்தான் வாங்கும் என்றால், இரண்டு கோப்பிலும் இடது மேல் மூலையில், ஒரே இடத்தில், ஒரு மிகச் சிறிய புள்ளியை வைக்கவும். இரண்டுக்கும் அந்தப் புள்ளியே தொடக்கம் ஆகிவிடும்.
3. லைட்பேர்ண் மென்பொருளைப் பாவிப்பவர்கள் ‘ஸ்டார்ட் ஃப்ரம்’ என்ற இடத்தைப் பார்க்கவும். ‘கரன்ட் பொசிஷன்’ இல் வைத்துவிட்டு, பொறிப்பு முடிந்ததும் லேசர்த் தலையைக் கையால் தள்ளினால் வெட்டு வேறிடத்தில் தொடங்கும். ‘அப்சொலியூட் கோர்ட்ஸ்’ என்றால் இந்தச் சிக்கல் இல்லை.
4. ‘யூஸ் செலெக்‌ஷன் ஒரிஜின்’ என்பதில் சரி அடையாளம் விழுந்திருந்தால் எடுத்துவிடவும். பொறிப்பை மட்டும் தெரிவுசெய்து ஒரு தடவை, வெட்டை மட்டும் தெரிவுசெய்து இன்னொரு தடவை ஓட்டுபவர்களைத் தவறாமல் கவிழ்ப்பது இதுதான்.

விலகல் அரை மில்லிமீற்றர் அளவில் இருந்தால் கோட்டின் தடிப்பைப் பார்க்கவேண்டும். படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப் வழமையாக உருவத்தின் எல்லையைக் கணக்கிடும்போது கோட்டின் தடிப்பையும் சேர்த்தே எடுக்கிறது. 1 மி.மீ. தடிப்பான கோடு எல்லையை ஒவ்வொரு பக்கமும் 0.5 மி.மீ. வெளியே தள்ளும். அமைப்பில் ‘ஜியோமெட்ரிக் பவுண்டிங் பொக்ஸ்’ என்பதைத் தெரிவுசெய்தால் தடிப்பு கணக்கில் வராது.

மொத்த அளவே மாறிவந்தால் அது வேறு கதை. இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பு 2017இல் வந்தபோது அங்குலத்துக்கு 90 புள்ளி என்றிருந்த கணக்கு 96 ஆனது. அதற்கு முந்திய பதிப்பில் 160 மி.மீ. என்று கீறிய பெயர்ப்பலகை புதிய கணக்கில் 150 ஆகச் சுருங்கும். இலஸ்ட்ரேட்டரில் இருந்து வரும் கோப்பு 72 புள்ளிக் கணக்கு. அதை 96 என்று படித்தால் 100 மி.மீ. வெறும் 75 ஆகிவிடும். பொறிப்பு ஒரு மென்பொருளிலும் வெட்டுக்கோடு இன்னொன்றிலும் பிறந்திருந்தால் ஒன்று மட்டும் சுருங்கி, விலகல் மாதிரித் தோன்றும். அறிந்த அளவுள்ள ஒரு 100 மி.மீ. சதுரத்தை எல்லாக் கோப்பிலும் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். திறந்தவுடன் அது எத்தனை மி.மீ. காட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

எழுத்துருவால் வரும் விலகல் இங்கே அடிக்கடி நடப்பது. இலங்கையின் வடக்கில் இன்னும் ஏராளமான வேலை பாமினி எழுத்துருவில்தான் வருகிறது. வாடிக்கையாளரின் கணினியில் இருக்கும் பாமினி லேசர்க் கணினியில் இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குறிகளாகக் கொட்டும். அது உடனே கண்ணில் படும். யூனிகோட் எழுத்துரு மாறினால் அப்படிப் படாது. எழுத்துச் சரியாகவே இருக்கும், ஆனால் வரி 2 மி.மீ. நீண்டு கரையைத் தொடும். அனுப்பும் முன் எழுத்தைக் கோடாக மாற்றச் சொல்லவும். இங்க்ஸ்கேப்பில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆயிற்று. மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. ஆகவே மூலக் கோப்பின் பிரதி ஒன்று வேண்டும்.

பலகை நகர்ந்தால்

காற்றுக்குழாயின் ஊதல் மெல்லிய மட்டையை நகர்த்தும். 3 மி.மீ. பிளைவூட்டைப் பெரும்பாலும் நகர்த்தாது. ஆனால் வளைந்த பிளைவூட்டின் மூலையில் தலை தட்டினால் முழுப்பலகையும் அசையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடற்கரையை அண்டிய பட்டறைகளில் இது கூடுதல். பலகையைப் பொலித்தீனில் சுற்றி, மட்டமான தரையில், மேலே பாரம் வைத்துக் கிடத்தி வைக்கவேண்டும். சுவரில் சாய்த்து வைத்த பலகை ஒரு கிழமையிலேயே வளைந்துவிடும்.

வெட்டும் வரிசையும் இதில் அடக்கம். முதலில் பொறிப்பு, அடுத்து உள்ளே இருக்கும் ஓட்டைகள், கடைசியில் வெளிக்கோடு. வெளிக்கோடு முதலில் வெட்டுப்பட்டால் துண்டு தேன்கூட்டுத் தட்டில் சரிந்துவிடும். அதன் பிறகு விழும் சாவித்துளை எந்த இடத்தில் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. பலகையின் நான்கு மூலையிலும் காந்தம் வைக்கலாம், தலை போய்வரும் வழியில் மட்டும் வைக்க வேண்டாம்.

பெல்ட், கப்பி, உப்புக்காற்று

மூன்று சோதனையிலும் வெவ்வேறு விலகல் வந்து, பலகையும் அசையவில்லை என்றால் மட்டுமே இங்கே வரவேண்டும். பிளக்கைக் கழற்றிய பின்:

1. தலையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் மெதுவாகத் தள்ளவும். எங்காவது இறுகினால் அந்த இடத்தைப் பென்சிலால் குறிக்கவும்.
2. பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தவும். தொய்ந்து தொங்கக் கூடாது; வீணைத் தந்திபோல முறுகியும் இருக்கக் கூடாது. அதிகம் முறுக்கினால் மோட்டரின் பெயரிங் தேயும்.
3. மோட்டர்த் தண்டையும் கப்பியையும் சேர்த்து மார்க்கர் பேனையால் ஒரே நேர்கோடு போடவும். ஒரு வேலை ஓட்டிய பிறகு பார்க்கவும். தண்டில் உள்ள பாதிக்கோடு ஓரிடத்திலும் கப்பியில் உள்ள பாதி சற்றுத் தள்ளியும் நின்றால் கப்பியின் சிறு திருகாணி தளர்ந்திருக்கிறது. அதைத் தண்டின் தட்டையான பக்கத்துக்கு நேரே கொண்டுவந்து அலன் கீயால் இறுக்கவும்.
4. விலகல் சரியாக 2 மி.மீ. அல்லது அதன் மடங்காக இருந்தால் பெல்ட்டின் பற்களை அளக்கவும். பல்லிடைவெளியும் 2 மி.மீ. என்றால் பல் தாண்டியிருக்கிறது. 3 மி.மீ. பல்லுள்ள பெல்ட்டில் விலகலும் 3, 6 என்று வரும்.
5. வில்லையைத் தாங்கும் குழாயையும் அது இருக்கும் தலையையும் விரலால் ஆட்டிப் பார்க்கவும். துளியும் ஆடக் கூடாது.

மார்க்கர் கோட்டைத் தவறாமல் போடவேண்டும். திருகாணி தளர்ந்ததைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கையால் தொட்டால் இறுக்கமாகவே இருக்கும். வேகமாகத் திசை மாறும் நொடியில் மட்டும் அரை மி.மீ. வழுக்கும். அந்தக் கோடு ஒன்றுதான் சாட்சி.

இரண்டு பெல்ட்டில் ஓடும் அகலமான இயந்திரத்தில் ஒன்று மற்றதைவிடத் தொய்ந்தால் குறுக்குச் சட்டம் கோணும். மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம். அதைவிட நம்பகமான வழி, 200 மி.மீ. சதுரம் ஒன்றை மட்டையில் வெட்டி இரு மூலைவிட்டங்களையும் அளப்பது. இரண்டும் 282.8 மி.மீ. இருக்கவேண்டும். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் சட்டம் கோணியிருக்கிறது.

இலங்கையின் வடமுனையில், சக்கோட்டை முனையின் காற்றடியில் இருக்கும் ஊர் பருத்தித்துறை. உப்புக்காற்று இரும்புத் தண்டவாளத்தில் முதலில் மெல்லிய பழுப்பாக இறங்கும். முதற்படியில் குறித்த இறுக்கம் பல வேளைகளில் அந்தப் பழுப்புத்தான். உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெசினுக்கு விடும் மெல்லிய எண்ணெயைத் துணியில் நனைத்து ஒருமுறை பூசினால் போதும். பிளாத்திக்குச் சில்லுகள் அலுமினியச் சட்டத்தில் ஓடும் இயந்திரத்தில் எண்ணெய் விடவே கூடாது; புகைத்தூள் ஒட்டிப் பசையாகிவிடும். வேலை முடிந்ததும் துணியால் மூடிவைப்பது கடலோரத்தில் இரட்டிப்புப் பயன்.

வேகத்தால் வரும் விலகல்

பொறிப்பின் ஓரம் சீப்புப் பல்லாக, ஒரு வரி இடமும் அடுத்த வரி வலமும் தள்ளி நிற்கிறதா? அப்படியானால் பெல்ட் சரி. கதிருக்குக் கட்டளை போவதற்கும் கதிர் விழுவதற்கும் இடையே சிறு தாமதம் உண்டு. அது அரை மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 300 மி.மீ. வேகத்தில் தலை அதற்குள் 0.15 மி.மீ. ஓடிவிடும். போகும்போது ஒருபக்கம் 0.15, வரும்போது மறுபக்கம் 0.15, ஆக அடுத்தடுத்த வரிகளுக்கிடையே 0.3 மி.மீ. விலகல். வெட்டு விநாடிக்கு 10 மி.மீ. வேகத்தில் போவதால் அதில் இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. வெட்டு சரி, பொறிப்பு மட்டும் விலகல் என்றால் இதை நினைக்கவும்.

1. 20 மி.மீ. சதுரங்களை விநாடிக்கு 100, 200, 300, 400 மி.மீ. வேகங்களில் பொறிக்கவும்.
2. ஒவ்வொன்றிலும் இரட்டை வரியின் ஓரத்துக்கும் ஒற்றை வரியின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தைப் பூதக்கண்ணாடி வைத்து அளக்கவும்.
3. அதில் பாதியை லைட்பேர்ணின் ‘ஸ்கானிங் ஓஃப்செட்’ அட்டவணையில் அந்தந்த வேகத்துக்கு நேரே எழுதவும்.
4. திரும்பப் பொறித்துப் பார்க்கவும். பல் கூடினால் குறியை மாற்றவும்.

அட்டவணை வசதி இல்லாத மென்பொருளில் ஒரே திசையில் மட்டும் பொறிக்கலாம். நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும், முழுப்பொறிப்பும் 0.15 மி.மீ. ஒருபக்கம் நிற்கும். பெயர்ப்பலகைக்கு அது பரவாயில்லை.

பொறிப்பு பாதியில் தள்ளிப்போகும் படி தவறலுக்கும் முதல் மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். முடுக்கத்தையும் குறைக்கவும். பாதி வேகத்தில் சரியாக வந்தால் பெல்ட்டையோ தண்டவாளத்தையோ மறுபடி பார்க்கவேண்டும். குறைந்த வேகத்திலேயே காலம் முழுக்க ஓட்டுவது நோயை மறைப்பது.

ஹோம் சுவிட்சும் சிவப்புப் புள்ளியும்

பொறிப்புக்கும் வெட்டுக்கும் இடையே இயந்திரத்தை ஹோமுக்கு, அதாவது அதன் தொடக்க மூலைக்கு, அனுப்பினால், ஹோம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிற்கவேண்டும். சோதிப்பது எளிது. தட்டில் மாஸ்கிங் ரேப் ஒட்டி, ஹோம் போய்வந்து ஒரே இடத்தில் புள்ளி போடும்படி சில தடவை ஓட்டவும். எல்லாம் ஒரே துளையாக விழுந்தால் சரி. சிதறினால் சுவிட்சில் புகைத்தூள் அடைத்திருக்கிறது அல்லது அதன் ஆணி தளர்ந்திருக்கிறது.

கதிர் விழப்போகும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி உண்மைக் கதிர் அல்ல, அது வேறொரு சிறு விளக்கு. அது தவறான இடத்தைக் காட்டினால் முழு வேலையும் பலகையில் தள்ளி விழும். பொறிப்பும் வெட்டும் தம்முள் சரியாகவே இருக்கும். ஏற்கெனவே அச்சிட்ட பொருளில் வெட்டுபவருக்குத்தான் இது பெரிய சிக்கல். ரேப்பில் குறைந்த வலுவில் ஒரு புள்ளி சுட்டு, சிவப்புப் புள்ளி அதன்மேல் விழும்வரை விளக்கைத் திருப்பவும்.

கண்ணாடி குற்றவாளியாகும் ஓர் இடம்

பொறித்தபின், வெட்டுவதற்காகத் தட்டை உயர்த்திக் குவியத்தை மாற்றுபவர்கள் உண்டு. கதிர் செங்குத்தாக இறங்காமல் 2 பாகை சரிந்திருந்தால், தட்டு 3 மி.மீ. உயரும்போது கதிர் படும் இடம் 0.1 மி.மீ. நகரும். தட்டைத் தொடாதபோது மறைந்து, தொட்டால் வரும் விலகல் என்றால் கண்ணாடியைத் தாராளமாகச் சந்தேகிக்கலாம். 6 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டிய விளிம்பு சாய்வாக நிற்பதும் அதே குறி. கண்ணாடிகளை ஒவ்வொன்றாக, குழாயின் பக்கமிருந்து தொடங்கி, ரேப்பில் புள்ளி சுட்டுச் சரிசெய்யவும். தலை மிக அருகிலும் மிகத் தூரத்திலும் நிற்கும்போது புள்ளி ஒரே இடத்தில் விழவேண்டும்.

கரன்ட் போனால்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. இன்று அப்படியில்லை, ஆனாலும் மாரிக்காற்றில் ஒரு நொடி போய் வந்தாலே இயந்திரம் தன் இடத்தை மறந்துவிடும். பொறிப்பு முடிந்து வெட்டுக்குக் காத்திருக்கும் பலகையைத் தூக்கிவிட வேண்டாம். காந்தத்தையும் தொட வேண்டாம்.

இதற்கு முன்னேற்பாடு உண்டு. வேலையின் வெளியே, எறியப்போகும் பகுதியில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சிறு கூட்டல் குறிகளைப் பொறிப்போடு சேர்த்தே விழச் செய்யவும். கரன்ட் வந்ததும் ஹோம் செய்து, குறிகளின்மேல் மாஸ்கிங் ரேப் ஒட்டி, பேனைக் கத்தியால் குறி தெரியும் அளவுக்கு ஒரு சிறு சாளரம் வெட்டவும். அதே குறிகளைக் குறைந்த வலுவில் ஓட்டவும். புதிய கோடு பழைய குறியிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அந்த அளவுக்குப் படம் முழுவதையும் மென்பொருளில் நகர்த்தி, இரண்டாவது குறியிலும் சரிபார்க்கவும். முதல் குறி பொருந்தி இரண்டாவது பொருந்தாவிட்டால் பலகை சுழன்றிருக்கிறது. லைட்பேர்ணின் ‘பிரிண்ட் அண்ட் கட்’ வசதி இரு குறிகளையும் கொண்டு அந்தச் சுழற்சியைத் தானே திருத்தும். இரண்டும் 0.2 மி.மீ.க்குள் வந்தால் வெட்டை ஓட்டலாம்.